வண்டி நம்பரைக் கேட்காமல் பஞ்சாயத்து பேசுவது எப்படி

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கேஎல் 70 வண்டியும் வரும், டிஎன் 41 வண்டியும் வரும். லோடில் காய் குறைந்தால் பஞ்சாயத்து என் மேசைக்குத்தான். யார் மேல் தப்பு என்று நியாயமாக முடிவெடுக்க நான் கடைப்பிடிக்கும் வழி இது. வீட்டுச் சண்டைக்கும் ஊர்ச் சண்டைக்கும்கூட உதவும்.

முதலில் பேர், ஊர், பாஷை, கட்சி எதுவும் இல்லாமல் நடந்ததை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். ‘1000 காய்க்கு 40 குறைவு. தார்ப்பாய்க் கட்டு அவிழவில்லை.’ அவ்வளவு போதும். இதற்கு எவ்வளவு பிடித்தம் என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஓட்டி வந்தது யார் என்பதை அப்புறம் கேளுங்கள். வரிசை மாறினால் பிடித்தமும் மாறிவிடும்.

அடுத்து, சுற்றி நிற்பவர்கள் சொல்லும் காரணத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். நம்ம ஆள் என்றால் ‘ரோடு மோசம், ராத்திரி முழுக்கத் தூங்கல, பாவம்’. அடுத்த பக்கத்து ஆள் என்றால் ‘அவங்க புத்தியே அப்படித்தான்’. குறைந்தது அதே 40 காய்தான். 1974-ல் டெய்லர், ஜக்கி என்ற இருவர் தென்னிந்தியாவில் இந்து அலுவலக எழுத்தர்களிடம் ஆய்வு செய்து இதையேதான் கண்டார்கள். தம் மதத்தவர் நல்லது செய்தால் அது குணம், கெட்டது செய்தால் சூழ்நிலை. முஸ்லிம் செய்தால் பெரும்பாலும் தலைகீழ். ஆகவே ‘புத்தி’, ‘வளர்ப்பு’, ‘இவங்க எல்லாருமே’ என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்தி, ‘நம்ம பையன் செஞ்சிருந்தா என்ன சொல்லுவீங்க?’ என்று கேளுங்கள்.

பழைய பகை இருந்தால்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 1970-ல் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பள்ளிச் சிறுவர்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். தன் குழுவில் யார் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் பணம் பங்கிடும்போது தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், ‘நம்ம ஆள்’ என்ற கோடே நகர்ந்துகொண்டிருக்கும். பாஷைத் தகராறு என்றால் நம்மைப் போலத் தமிழ் பேசும் பொள்ளாச்சிக்காரர் நம்ம ஆள். ஆழியாற்றுத் தண்ணீர் என்றால் அவரே எதிராளி. எல்லையில் உள்ள மணக்கடவில் கேரளாவுக்கு வருடம் 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும் என்கிறது இரண்டு மாநிலங்களும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம். தண்ணீர் குறையும் வருடத்தில் வீட்டில் தமிழ் பேசும், எங்கள் பக்கத்து (கேரளா) சித்தூர் விவசாயி ‘தமிழ்நாடு ஏமாத்துது’ என்பார். தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலையில் இருக்கும் அவர் மச்சான் ‘மழையே இல்லையே, என்ன பண்றது’ என்பார். இரண்டு பேருமே நல்லவர்கள், எனக்குத் தெரியும். அதனால் இன்றைய சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதையும் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

நடுநிலையைக் காட்டுவதற்காக நம்ம ஆளை இரண்டு மடங்கு தண்டிப்பதும் உண்டு. மானத்தை வாங்கிவிட்டான் என்ற கோபத்தில் வருவது அது. அதுவும் அநியாயம்தான்.

கடைசியாக ஒரு தனி நோட்டு போடுங்கள். புதுப் புகார் வந்தால் பழைய பக்கத்தைப் புரட்டி, இதே குறைவுக்கு அந்தப் பக்கத்து வண்டியிடம் எவ்வளவு பிடித்தீர்கள் என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்யுங்கள். வண்டி செக்போஸ்ட் தாண்டிவிட்டால் அந்தப் பணம் அவர் கைக்குப் போய்ச் சேருவது கஷ்டம்.