இரவு நடைக்கு டார்ச்: தூரத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

இரவு நடைக்குப் புதிதாக வருபவரை அவருடைய மணிக்கட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இடப்பக்கம், வலப்பக்கம், காலடி, மறுபடி இடப்பக்கம் என்று டார்ச்சை ஆட்டிக்கொண்டே வருவார். அரை மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும், கண்ணும் எரியும். தப்பு அவர் கையில் இல்லை. டார்ச்சிலிருந்து வரும் ஒளி அவ்வளவு குறுகல். பாதையைத் துண்டு துண்டாகத்தான் காட்டும், துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது அவர் பொறுப்பாகிவிடுகிறது.

போன வாரம் எங்கள் குழுவில் சேர்ந்தவர் அப்படி ஒரு டார்ச்சை ஆசையாக எடுத்துக் காட்டினார். "நானூறு மீட்டர் அடிக்கும் சார்." பொய்யில்லை. தூரத்து மரத்தின் உச்சிக்கிளை பளிச்சென்று தெரிந்தது. அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் பெயர்ந்து கிடந்த கல் தெரியவில்லை.

அதே வகை டார்ச்சை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, கீழே போட்டு உடைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## தூரத்தைப் பார்த்து வாங்குவது

மற்ற தவறுகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

டார்ச் பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும்: லூமன், மீட்டர். லூமன் என்பது டார்ச் கக்கும் மொத்த வெளிச்சம். மீட்டர் என்பது அது எவ்வளவு தூரம் எட்டும் என்பது. இந்தத் தூரத்தை அளக்க எஃப்எல் 1 என்றொரு தரநிலை 2009 முதல் இருக்கிறது. ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸில் சொல்வார்கள். முழு நிலவு தரும் வெளிச்சத்தின் அளவான 0.25 லக்ஸுக்கு ஒளி தேய்ந்துபோகும் இடம் எதுவோ, அதுதான் பெட்டியில் போடும் தூரம். ஒளிக்கற்றை எவ்வளவு அகலம் என்பதற்குப் பெரும்பாலான பெட்டிகளில் எண்ணே இருக்காது. நடப்பவனுக்குத் தேவையானது அது ஒன்றுதான், அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு இதில் ஆத்திரம் தீரவில்லை.

நான் வாங்கியதும் 400 மீட்டர் டார்ச். வாங்கிய இரண்டாம் நாள் என் தங்கையை அழைத்துக்கொண்டு நடக்கப் போனேன். ஒரு டார்ச் போதும் என்று அவளை வெறுங்கையோடு வரச் சொன்னவன் நான். ஒளியை முன்னால் நீளமாக அடித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் மை பூசியது போல இருட்டு. பாதி வழியில் அவள், "அண்ணா, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாள். "வட்டத்தைப் பார்த்துக்கிட்டு வா" என்றேன். பத்தடி போயிருக்க மாட்டோம், ஓரத்தில் மூடி உடைந்திருந்த கால்வாய்க்குள் அவள் கால் இறங்கிவிட்டது. கணுக்கால் தசைநார் கிழிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். அந்த உடைப்பு எங்களுக்கு இரண்டடி பக்கத்தில் இருந்தது. என் கையிலோ நானூறு மீட்டர் அடிக்கும் டார்ச்.

ஏன் தெரியவில்லை என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டர் என்றால் நடுப்புள்ளியின் செறிவு 40,000 கேண்டலா (ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதன் அலகு). மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு பரப்பில் நேராக அடித்தால் அந்த வட்டத்தில் விழுவது 4,400 லக்ஸுக்கு மேல். உட்கார்ந்து எழுதிப் படிக்கும் அலுவலக மேசைக்கே 500 லக்ஸ் போதும் என்கிறார்கள். கண் அந்த வட்டத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. வட்டத்துக்கு வெளியே மங்கலான ஒளி இருக்கத்தான் செய்யும், ஆனால் சுருங்கிய கண்ணுக்கு அது இருட்டு. முழுதாக இருட்டுக்குப் பழக கண்ணுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அந்தப் பழக்கம் கெடச் சில நொடிகள் போதும்.

இப்போது அகலத்தைப் பாருங்கள். எட்டு டிகிரிக் கற்றை மூன்று மீட்டர் தூரத்தில் 42 சென்டிமீட்டர் அகலம் விரியும். ஒரு முழம்கூட இல்லை. அறுபது டிகிரிக் கற்றை அதே தூரத்தில் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைய விரியும். பாதை, பாதையின் இரண்டு ஓரம், கூட வருபவரின் கால் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும்.

வெறும் 100 லூமனை இந்த அறுபது டிகிரிக்குள் சீராகப் பரப்பினால் மூன்று மீட்டரில் சுமார் 13 லக்ஸ் கிடைக்கும். முழு நிலவைப் போல ஐம்பது மடங்கு அது. அதே டார்ச்சின் பெட்டியில் தூரம் 22 மீட்டர் என்று இருக்கும். கடையில் 22, 400 என்று இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எத்தனை பேர் 22-ஐ எடுப்பார்கள்? மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அந்த 22 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 16 நொடி ஆகும். ஒரு பள்ளத்தைப் பார்த்து ஒதுங்க அதில் கால்வாசி நேரம் போதும்.

பெட்டியில் இல்லாத அகலத்தைப் பெட்டியில் உள்ள எண்களிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். தூரத்தைப் பாதியாக்கி, வந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். அதுதான் கேண்டலா. 100 மீட்டர் என்றால் ஐம்பதை ஐம்பதால் பெருக்கி 2,500. இதை அதே மோடின், அதாவது அதே வெளிச்சப் படியின், லூமனால் வகுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: விடை ஐந்துக்குள் வந்தால் மென்மையான அகல ஒளி. பத்தைத் தாண்டினால் நடைக்குக் குறுகல். இருபதைத் தாண்டினால் அது எதையோ தேடுவதற்கான டார்ச், நடப்பதற்கானது இல்லை.

முகப்பையும் உற்றுப் பாருங்கள். எல்இடியைச் சுற்றி ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். கண்ணாடி போல வழவழப்பான, ஆழமான ரிஃப்ளெக்டர் ஒளியை நடுவில் குவிக்கும். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் வட்டத்தின் விளிம்பை இளக்கும், ஆனால் பெரிதாக அகலப்படுத்திவிடாது. இதை அகல ஒளி என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. நடைக்கு ஏற்றவை, ரிஃப்ளெக்டருக்குப் பதிலாக எல்இடியின் மேல் பிளாஸ்டிக் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் டார்ச்சுகள். டிஐஆர் லென்ஸ் என்பார்கள். அதன் முகப்பு தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகவோ, பனி படிந்தது போலவோ இருந்தால் ஒளி நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக இறங்கும், எங்கேயும் கோடு விழாது.

## வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்ப்பது

சுவரில் எந்த டார்ச்சும் அழகுதான். தரையில் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு நடைகூடத்தில் நின்று, டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்து மூன்று நான்கு மீட்டர் முன்னால் அடியுங்கள். கையை அசைக்காமலே உங்கள் செருப்பு நுனிக்கு முன்னாலுள்ள தரையும் இரண்டு பக்கச் சுவரின் அடியும் தெரிகிறதா? தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

## ஜூம் டார்ச்

வேண்டாம். விரித்து வைத்தாலும் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல நிற்கும், அதற்கு அப்பால் துளி வெளிச்சம் இருக்காது. முன்னும் பின்னும் நகரும் கழுத்து வழியாகத் தண்ணீரும் இறங்கும்.

## உச்ச வெளிச்சத்துக்குக் காசு கொடுப்பது

உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச்சில் 1,000 லூமன் என்று இருந்தால், அது இரவு முழுக்க வரும் வெளிச்சம் இல்லை. தரநிலைப்படி லூமனை அளப்பதே போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு சின்ன உடம்பு சூடு தாங்காமல் தானாகவே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும். எரியும் நேரமும் அப்படித்தான்: தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரத்தைத்தான் போடுகிறார்கள்.

நடைக்கு நான் பயன்படுத்துவது 30 முதல் 100 லூமன் வரை. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த அளவில் மோடு இருக்கிறதா, அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான். குறைந்த மோடிலிருந்து தொடங்கும் டார்ச், அல்லது கடைசியாக வைத்த மோடை நினைவில் வைக்கும் டார்ச் நல்லது. ஒவ்வொரு முறையும் உச்சத்தில் தொடங்குவது, ஒவ்வொரு முறையும் உங்கள் கண்ணைக் கெடுக்கும்.

குறைந்த மோடில் இன்னொன்றையும் சோதியுங்கள். விரல்களை விரித்து ஒளியில் வேகமாக ஆட்டினால், விரல்கள் அங்கங்கே உறைந்து நிற்பது போலத் தெரிகிறதா? ஒளி விட்டு விட்டு எரிகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் நடந்தால் சிலருக்குத் தலைவலியே வந்துவிடும்.

## நீலம் பாய்ந்த வெள்ளை

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். 6,500 கெல்வின் வெளிச்சம் கடையில் பிரகாசமாகத் தோன்றும். மண்பாதையில் அது எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும். சருகு, ஈரமண், கயிறு, கயிறு போலக் கிடக்கும் வேறொன்று என்று பிரித்துப் பார்க்க நிறம் வேண்டும். பூச்சிபொட்டு நடமாடும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நான் 4,000 கெல்வினுக்குப் பக்கத்தில் எடுப்பேன், நிறத்தைக் காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். சாதாரண டார்ச்சுகளில் அது 70-ஐ ஒட்டி இருக்கும். டார்ச் பிரியர்கள் நிச்சியா 519ஏ என்ற எல்இடியைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். சிஆர்ஐ கூடினால் லூமன் கொஞ்சம் குறையும், அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நிறத்துக்கு வண்டுகளும் விட்டில்களும் குறைவாகவே வந்து மொய்க்கும் என்பது கூடுதல் ஆதாயம்.

## நெற்றியில் கட்டிக்கொள்வது

இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று பலர் நெற்றி விளக்கு வாங்குகிறார்கள். கூடாரம் போடவும் சமைக்கவும் அதைவிட நல்லது இல்லை. நடக்கும்போது ஒரு குறை உண்டு. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் சமதரை போலத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டாற்போலப் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கூழாங்கல்லும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். நிழல்தான் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்வது.

மூடுபனியிலும் தூறலிலும் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். நெற்றியிலிருந்து போகும் ஒளி துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைத் திரை கட்டியது போலாகிவிடும். அகல ஒளிக்கு இந்தக் கஷ்டம் குறுகிய ஒளியைவிட அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடித்து, மோடையும் ஒரு படி குறைத்தால் சமாளிக்கலாம்.

## ஸ்ட்ரோப்

பட்டனைத் தெரியாமல் இரண்டு முறை தட்டினால் ஸ்ட்ரோப், அதாவது கண்ணைக் கூசவைக்கும் வேகமான மினுக்கல், வரும் டார்ச்சை வாங்காதீர்கள்.

## பேட்டரி

டார்ச்சுகளில் பரவலாக வரும் 18650 என்ற லித்தியம் பேட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல பேட்டரிகள் பெரும்பாலும் 2,500-க்கும் 3,500-க்கும் நடுவில் இருக்கும். டபுள்-ஏ டார்ச்சில் அதே அளவுள்ள 14500 லித்தியம் பேட்டரி உள்ளே போகிறதே என்று போட்டுவிடாதீர்கள். 1.5 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட்டுக்கு 4.2 வோல்ட் போனால் கருகிவிடும்.

## பையில் தானாக எரிவது

பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான டார்ச்சுகளில் அதுவே மின்தொடர்பைத் துண்டித்துவிடும்.

## ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால்

தூக்கிப் போட வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடியில் மறைப்புக்காக ஒட்டும், பனி படிந்தது போன்ற ஃபிலிமில் ஒரு வட்டம் வெட்டி டார்ச்சின் கண்ணாடியில் ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் பளபளப்பில்லாத, பால் போல மங்கலான ஒட்டும் டேப்பும் ஆகும். கொஞ்சம் வெளிச்சம் போகும், தூரம் பெருமளவு போகும். நடுவட்டம் கரைந்து ஓரம் வரை பரவும். ரிஃப்ளெக்டர் ஆழமாக இருந்தால் ஒரு அடுக்கு பற்றாது, இரண்டு வேண்டியிருக்கும்.

புதிதாக வந்தவருடைய டார்ச்சுக்கும் இப்படித்தான் ஒட்டிக் கொடுத்தேன். நேற்று அவர் மணிக்கட்டு ஆடாமல் நடந்தார், இரண்டு இடத்தில் எனக்கு முன்னால் அவரே பள்ளத்தைக் காட்டினார். உச்ச மோடில் நீண்ட நேரம் வைத்தால் மட்டும் சூட்டில் பசை இளகி ஓரம் உரியும். உரிந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேறு துண்டு ஒட்டிக்கொள்ளலாம்.