தீர்ப்புத் தேதியை நம்பாதீர்கள்: அமெரிக்க இனப் பிரிவினை பற்றி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்ட வரலாறு எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அமெரிக்கச் சிவில் உரிமைகள் பற்றிய கட்டுரை என்றால், எந்தப் பத்தியில் எந்தப் பிழை உட்கார்ந்திருக்கும் என்பது படிப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நானும் எழுதித் தள்ளிய பிழைகள்தான். பெயரை மாற்றி எழுதுவது, ஆண்டில் இலக்கம் தவறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

"1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழிந்தது"

இந்த வரியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டின் கைப்பிரதி என்னிடம் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை முடிவுக்கு வந்த ஆண்டு எது என்று ஒரு வினா. விடை: 1954. எழுதிய இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தேன். "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, சார்!" என்றார்.

சொன்னது உண்மைதான். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரனும் மற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றார்கள். ஆனால் அதை எப்போது நிறைவேற்றுவது? அதற்கு மறு ஆண்டு மே 31 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. அதில் காலக்கெடுவே கிடையாது. "உரிய நிதானத்துடன் கூடிய வேகத்தில்" செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையைக் கீழமை நீதிமன்றங்களின் தலையில் கட்டினார்கள். தென் மாநிலங்கள் நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன.

என்ன நடந்தது என்பதற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பாருங்கள். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதவில்லை. தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரலில் பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸும் தோழர்களும் தலைமை ஆசிரியரை ஒரு பொய்த் தகவல் சொல்லி வெளியே அனுப்பினார்கள். பிறகு மாணவர்களை அரங்கத்தில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கை எடுத்துக்கொள்கிறோம் என்று வழக்கறிஞர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கும் சேர்ந்ததுதான் பிரவுன் தீர்ப்பு.

அதாவது, இந்தக் கவுண்டியின் பிள்ளைகள் வழக்கில் வென்றவர்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது? சேர்த்துப் படிக்க வைத்தே தீர வேண்டும் என்று 1959இல் நீதிமன்றம் நெருக்கியதும், கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்து அத்தனை அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே முளைத்தது. அதன் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகையும், நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரிச் சலுகையும் வந்தன. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் தேவாலயங்களின் நிலவறைகளில் எழுத்தாவது படித்தார்கள். பலர் எங்கும் படிக்கவில்லை. 1963இல் இலவசப் பள்ளிகள் தற்காலிகமாகத் திறந்தபோது, 1959இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தைக்குப் பத்து வயது. நிதானத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதியது 1964 மே மாதத்தில். முதல் தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

இது ஒரு கவுண்டியின் கொடுமை மட்டுமல்ல. 1963–64 கல்வியாண்டில், உள்நாட்டுப் போரில் பிரிந்து போயிருந்த பதினொரு தென் மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நிலைமையை நகர்த்தியது பணம். பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்குக் கூட்டாட்சி நிதி கிடையாது என்று 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி சொன்னது. மறு ஆண்டு பள்ளிகளுக்கான கூட்டாட்சி நிதி பெருகியது. அப்போதுதான் பிரிவினைக்கு விலை வந்தது. 1968இல் கிரீன் வழக்கில், "விரும்பிய பள்ளியில் சேரலாம்" என்ற ஏட்டுச் சுதந்திரம் போதாது என்று நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

1954 என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், 1957இல் அர்கன்சாஸின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுபோக அதிபர் ஐசன்ஹோவர் ஏன் ராணுவத்தை அனுப்பினார் என்பதும் புரியாது, 1964இல் ஏன் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதும் புரியாது. அந்த இளைஞர் கடைசியில், "அப்படியானால் விடையாக எந்த ஆண்டைப் போடுவது?" என்று கேட்டார். வினாவையே எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

ரோசா பார்க்ஸைக் கால் வலித்த மூதாட்டியாக்குவது

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அலபாமாவின் மாண்ட்கோமரியில் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவர். அன்று அவர் உட்கார்ந்திருந்ததும் வெள்ளையருக்கென ஒதுக்கிய வரிசையில் அல்ல, அதற்குப் பின்னால். கூட்டம் ஏறினால் அந்த இடத்தையும் காலி செய்ய வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இன்னொன்று: பஸ் பிரிவினையைச் சட்டப்படி வீழ்த்தியது அவருடைய வழக்கு அல்ல. பிரவுடர் எதிர் கேய்ல் என்ற தனி வழக்கு அது. அதன் மனுதாரர்களில் ஒருவர் கிளாடெட் கால்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில், இடம்விட மறுத்துக் கைதானவர். பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து நடந்த 381 நாள் பஸ் புறக்கணிப்பைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பவர்கள் இந்த வழக்குக்கு ஒரு வரிகூடக் கொடுப்பதில்லை.

மூன்று சட்டங்களைக் குழப்புவது

மூன்றும் பாகுபாட்டைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டங்கள்; எதில் என்பதுதான் வேறு. 1964: ஓட்டல், வேலை, அரசு நிதி. 1965: வாக்கு. 1968: வீடு. மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழியையும் தெற்கின் மேல் போடுவது

பிரவுன் வழக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று வரைபடத்தில் தேடுங்கள். டொபீகா, கான்சஸ். அது தெற்கில் இல்லை.

சாதியோடு ஒப்பிடுவது

தாராளமாக. இரண்டையும் தனித்தனியாகப் படித்த பிறகு.

1964 சட்டம் சமத்துவப் பிரிவின் மேல் நின்றது என்று எழுதுவது

சட்ட மாணவர்களே இதில் சறுக்குகிறார்கள். விடுதிகளில் பாகுபாட்டைத் தடுக்க, 1875இல் ஏறக்குறைய இதே போன்ற சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சமத்துவப் பிரிவைக் கொண்ட பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் விடுதிக்காரரை அல்ல என்று 1883இல் உச்ச நீதிமன்றம் அதன் கதையை முடித்தது. அதனால் 1964இல் இயற்றியவர்கள் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை முக்கியமாகப் பிடித்துக்கொண்டார்கள். அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, அதன் விருந்தினர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர் என்பதே அதற்கு எதிராகத் திரும்பியது.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருந்த ஓலிஸ் பார்பெக்யூ என்ற உணவகத்தின் வழக்கு இன்னும் சுவையானது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். கறுப்பினத்தவர் பொட்டலம் வாங்கிப் போகலாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்த உணவகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சமையலறைக்கு வந்த இறைச்சி. அது வெளிமாநிலத்திலிருந்து வந்தது. 1964 டிசம்பர் 14 அன்று இரண்டு வழக்குகளிலும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. இந்த இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஓலிஸ் வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறவர், தீர்ப்பைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.