டாக் வாங்குவதற்கு முன் இரைச்சலின் ஊரைக் கண்டுபிடியுங்கள்

மார்கழிக் கச்சேரிகளில் பாதியைச் சபாக்களில் கேட்கிறேன். மீதியை மயிலாப்பூர் வீட்டில், லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களுமாக. பாடகர் ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கிறார்; வயலினும் ஓய்கிறது; தம்புரா மட்டும் ஒலிக்கிறது. அந்த நொடிக்காகவே இசை கேட்கிறவன் நான். என் ஸ்பீக்கர் உறுமியதும் அதே நொடியில்தான். மவுஸை நகர்த்தினால் கூடவே ஒரு கீச்சொலி.

லேப்டாப்பின் ஒலிச் சில்லு மட்டமானது என்று முடிவுகட்டி, ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு டாக் வாங்கி வந்தேன். கோப்பில் எண்களாக இருக்கும் ஒலியை மின் அலையாக மாற்றித் தரும் சிறு பெட்டி அது. யுஎஸ்பியில் செருகியதும் கீச்சொலி அடியோடு நின்றது. உறுமல் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. வாங்குவதற்கு முன்பே அது புரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே இருக்கும் டாக் நன்றாக ஒலிப்பதற்கு அதன் சில்லுதான் காரணம் என்று நினைப்பது பலரும் செய்யும் முதல் தவறு. எண்ணை அலையாக மாற்றுவதில் இன்றைய மதர்போர்டுச் சில்லுகளும் தேர்ந்தவைதான். அவை குடியிருக்கும் இடம்தான் பொல்லாதது. ப்ராசஸர் ஒவ்வொரு கணமும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் இழுக்கிறது. விசிறியும் டிஸ்க்கும் திரையும் அதே மின்வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹெட்போன் துளை வழியாக வெளியேறுவது ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவிலான அலை. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல் கலந்தாலும் அமைதியான இடத்தில் காது கண்டுபிடித்துவிடும். வெளி டாக்கில் எண்கள் எண்களாகவே கணினியைவிட்டு வெளியேறுகின்றன. மாற்றும் வேலை அந்தச் சந்தடிக்கு அப்பால் நடக்கிறது. அது சிறப்பாக ஒலிப்பதற்குப் பெரும் காரணம் இந்த இடமாற்றம். ஆகவே, எந்தச் சில்லு என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, உங்கள் வீட்டில் மவுஸ் நகரும்போது சத்தம் வருகிறதா என்று முதலில் கேட்டுப்பாருங்கள். வரவில்லை என்றால், ஸ்பீக்கரில் கேட்பவர்கள் புதுப் பெட்டியால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இதை மறந்தவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள். டாக் இல்லாத ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை மட்டும் வாங்கி, லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இணைக்கிறார்கள். ஏற்கெனவே இரைச்சல் கலந்துவிட்ட அலையை அது உண்மையாகவே பெருக்கித் தரும், இரைச்சலையும் சேர்த்து.

இனி அந்த உறுமல். சார்ஜர் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவரில் செருகப்பட்டிருந்தன. இரண்டும் தனித்தனியே எர்த்துக்குப் போகின்றன. இடையில் யுஎஸ்பி ஒயரும் ஒலி ஒயரும் இரண்டையும் இணைக்கின்றன. ஆக ஒரு வட்டம் உருவாகிவிடுகிறது. இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையில் சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் அந்த வட்டத்தில் மின்சாரம் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸ் அளவில் உறுமல் கேட்கிறது. டாக் இந்த வட்டத்தைத் துண்டிப்பதில்லை. யுஎஸ்பி ஒயரிலும் தரைக்கம்பி உண்டு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப்பாருங்கள். உறுமல் நின்றால் குற்றம் எர்த் வழியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன், பெருமளவு அடங்கிவிட்டது. அப்படியும் அடங்காதவர்கள் ஆப்டிகல் இணைப்பை நாடலாம். அதில் ஒளிதான் பயணிக்கிறது, மின்சாரம் கடக்க வழியே இல்லை. ஆனால் கணினியிலும் டாக்கிலும் அதற்கான துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுமலை நிறுத்த மூன்றாவது முள்ளை உடைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கருவிக்குள் ஏதாவது ஒயர் அறுந்து உலோக உடலைத் தொட்டால் 230 வோல்ட்டும் உங்கள் கைக்காகக் காத்திருக்கும். எர்த் முள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது; எந்த ராகமும் அதற்கு ஈடாகாது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தும் பின்னால் எர்த் ஒயரே இல்லாமல் போவதுண்டு. லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது விரல் லேசாகக் கூசுகிறது என்றால், டாக் வாங்கும் பணத்தில் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களுக்கு மயங்குவதும் பெரிய தவறு. சிடி நொடிக்கு 44,100 மாதிரிகளை 16 பிட்டில் பதிகிறது. 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் மனிதக் காதுக்கு அது போதும். உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அதில் சுமார் 96 டெசிபல். சாதாரண கேசட்டில் 60 டெசிபல் கிடைத்தாலே பெரிது. ரசிகர்கள் கேசட்டில் பதிந்து பாதுகாத்த பழைய வானொலிக் கச்சேரியை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் மாற்றினாலும் கூடுதலாகக் கிடைப்பது நாடாவின் இரைச்சல்தான். பதிவு எப்படியோ அப்படியேதான் டாக்கும்.

லேப்டாப்பின் ஒலியையும் டாக்கின் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒலி அளவைச் சமப்படுத்தாமல் விடுவதும் தவறு. ஒரு டெசிபல் கூடினாலும் காது அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘தெளிவு அதிகம்’ என்று சொல்லும். மின்னழுத்தத்தில் அது 12 சதவீத வேறுபாடு. 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் சாதாரண மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, இரண்டு இணைப்புகளிலும் ஒரே அளவு வரும்வரை சரிசெய்த பிறகு கேளுங்கள். பளிச்சென்று தெரிந்த பல வேறுபாடுகள் அங்கேயே மறைந்துவிடும்.

ஹெட்போன் பயன்படுத்துகிறவர்கள் அதன் மின்தடையை, அதாவது ஓம் கணக்கைப் பார்க்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குப் பல லேப்டாப்புகளின் மின்னழுத்தம் போதாது. நல்ல ஆம்ப்ளிஃபயர் உள்ள டாக் அங்கே உண்மையான மாற்றத்தைத் தரும். 16 ஓம் இயர்போனுக்கு நேர்மாறான கவலை: டாக்கின் வெளியீட்டு மின்தடை 2 ஓமுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இயர்போனின் ஒலிச் சமநிலையே மாறிவிடலாம்.

புளூடூத் ஹெட்போனுக்காக டாக் வாங்காதீர்கள். அதன் டாக் அதற்குள்ளேயே இருக்கிறது. யுஎஸ்பி ஹெட்போனும் அப்படித்தான்.

பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் ஹெட்போன் துளையின் உலோகம் கறுத்துப்போகும். ஒரு பக்கம் கரகரக்கும் அல்லது ஒலியே வராது. பிளக்கைத் துடைத்து நாலைந்து முறை செருகி எடுத்ததும் சரியாகிறது என்றால், பெட்டி வாங்கும் பயணத்தை ஒத்திவைத்துவிடலாம்.