ஓய்வுபெற்ற புறநகர் ரயில் பெட்டியின் பூர்வீகத்தைக் கண்டறிவது எப்படி: தொடக்கநிலை ஆர்வலர்களுக்கான செய்முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சுற்றுலா ரயில்களில் பயணம் செய்பவர்கள் பலர், தாம் உட்கார்ந்திருக்கும் பெட்டி ஒரு காலத்தில் பெருநகரத்து அலுவலகக் கூட்டத்தை நாள்தோறும் சுமந்த புறநகர்ப் பெட்டி என்பதை அறியாமலே இறங்கிப் போகிறார்கள். அது எந்த ஆண்டில், யாரால் கட்டப்பட்டது, எத்தனை கைகள் மாறியது என்று கேட்டால் நடத்துநரிடமும் பெரும்பாலும் "1920-களின் பெட்டி" என்ற பொதுப்படையான விடைதான் கிடைக்கும். நெடுந்தொலைவு ரயில்களின் படுக்கைப் பெட்டிகளுக்குப் பெயர் உண்டு. பெயரைக் கொண்டு வரலாற்றைத் தேடிவிடலாம். புறநகர்ப் பெட்டிகளோ ஒரே வார்ப்பில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டு, வெறும் எண்ணால் அழைக்கப்பட்டு, உரிமையாளர் மாறியபோது அந்த எண்ணையும் இழந்தவை. ஆகவே எண்ணைத் துரத்துவதைவிட இரும்பைத் துரத்துவதே நல்லது என்பது என் துணிபு. இந்த விளக்கம் முழுவதும் அந்த அடிப்படையிலேயே அமைந்திருக்கிறது.

படி 1: உரிமையாளர் வரிசையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பெட்டியை நேரில் பார்க்கப் போகும் முன்பே, அது ஓடியிருக்கக்கூடிய பாதையின் நிர்வாக வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக லாக்கவானா மின்ரயில் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலையினருக்கு இவற்றைவிடப் பொருத்தமான பயிற்சிப் பொருள் இல்லை. டெலவேர், லாக்கவானா அண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம், நியூ ஜெர்சியின் ஹோபோக்கனிலிருந்து மாண்ட்கிளேர், கிளாட்ஸ்டோன், டோவர் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் தன் புறநகர்ப் பாதைகளை 1930-31-இல் 3,000 வோல்ட் நேர்திசை மின்சாரத்துக்கு மாற்றியது. 1930 செப்டம்பர் 3 அன்று ஹோபோக்கனிலிருந்து புறப்பட்ட முதல் மின்ரயிலின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பிடித்து நின்றவர் தாமஸ் எடிசன். புல்மன் தொழிற்சாலை கட்டித்தந்த, தாமே மின்சாரத்தில் இயங்கும் 141 மோட்டார் பெட்டிகளும், அவற்றால் இழுக்கப்படும்படி இணைசேர்க்கப்பட்ட 141 டிரெய்லர் பெட்டிகளும் 1984 ஆகஸ்ட் வரை அந்தப் பாதைகளில் ஓடின.

அந்த 54 ஆண்டுகளில் உரிமை நான்கு நிர்வாகங்களைக் கடந்தது. 1960 அக்டோபரில் லாக்கவானாவும் ஈரி என்ற ரயில் நிறுவனமும் இணைந்து ஈரி லாக்கவானா ஆயின; 1976 ஏப்ரல் 1 அன்று அரசு அமைத்த கான்ரெயில் நிறுவனம் வந்தது; 1983 தொடக்கத்தில் நியூ ஜெர்சி டிரான்சிட் புறநகர்ச் சேவையைத் தானே நடத்தத் தொடங்கியது. மறு ஆண்டே அந்நிறுவனம் பாதையை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றியதால், பழைய பெட்டிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பயனற்றுப்போயின. இத்தனை பெட்டிகள் ஒருசேரச் சந்தைக்கு வந்ததே, இன்று அவை நியூ ஹாம்ப்ஷயரின் ஹோபோ ரயில்ரோடு முதல் பென்சில்வேனியாவின் ஸ்டீம்டவுன் தேசிய வரலாற்றுத் தலம் வரை சிதறிக் கிடப்பதற்குக் காரணம். இந்த வரிசை கையில் இருந்தால், பெட்டியின் மேல் எந்த வண்ணத்தைக் கண்டாலும் அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று உடனே வரையறுக்கலாம்.

படி 2: அனுமதி பெறுங்கள்

ரயில் வளாகத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றம். பழைய பெட்டிதானே என்ற எண்ணம் அங்கே செல்லாது. அனுமதி கிடைத்த பிறகும், ஆட்கள் வேலை செய்வதை உணர்த்தும் நீலப் பலகை மாட்டி அந்தப் பெட்டி நகர்த்தப்படாது என்று பொறுப்பாளர் உறுதிசெய்யாத வரையில் பெட்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், வெப்பக் காப்பில் கல்நாரும் இருக்கக்கூடும் என்பதால் எதையும் சுரண்டவோ உரசவோ வேண்டாம்.

படி 3: பெட்டியைப் படியுங்கள்

நேரத்தின் பெரும்பகுதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். ஒரு கைவிளக்கு, அளவு நாடா, கேமரா, குறிப்பேடு ஆகியவை போதும்.

முதலில் உள்ளே செல்லுங்கள். பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள கதவுகளுக்கு மேலே பெட்டி எண்ணை எழுதுவது பல நிறுவனங்களின் வழக்கம். வெளிப்புறத்தைப் புதிதாகப் பூசி வேறு எண் எழுதிய சுற்றுலா நிறுவனம், உள்ளே இருக்கும் இந்தச் சிறு எண்ணின் மேல் அவசரமாக ஒரு பூச்சு மட்டும் கொடுத்து விட்டிருக்கும். கைவிளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி நேராக விழும்போது சமதளமாகத் தெரியும் பூச்சு, பக்கவாட்டில் ஒளி விழுந்ததும் மேடுபள்ளம் காட்டும். அடியிலுள்ள பழைய எழுத்தின் விளிம்பு மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். வெளிப்புறத்தில் சன்னல்களுக்கு மேலே நிறுவனத்தின் பெயர் ஓடும் நீண்ட பட்டையிலும் இதே முறையைக் கையாளுங்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று பெயர்களின் விளிம்புகள் பின்னிக் கிடப்பதுண்டு. வண்ணம் பூசாத துருவேறா எஃகுப் பெட்டியாக இருந்தால், கழற்றப்பட்ட பெயர்த் தகட்டின் திருகுத் துளைகளையும், ஒட்டெழுத்துகள் இருந்த இடத்தில் வெயில் படாமல் வேறு நிறமாக எஞ்சிய நிழலையும் தேட வேண்டும்.

அடுத்தது தயாரிப்புத் தகடு. இது முனைக்கூடத்திலோ, முனைச் சுவரிலோ, அடிச்சட்டத்திலோ இருக்கலாம். பித்தளை விலைக்காகவும் நினைவுப்பொருளாகவும் கழற்றப்பட்டிருப்பது வெகு இயல்பு. தகடு எஞ்சியிருந்து அதில் ஆண்டு இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் பெயரே காலத்தைச் சொல்லும். 'புல்மன்-ஸ்டாண்டர்ட்' என்ற பெயர் 1934-இன் இறுதியில் நடந்த இணைப்புக்குப் பிறகே பிறந்தது. ஆகவே 1930-இல் கட்டியதாகச் சொல்லப்படும் பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால், தகடோ கதையோ ஒன்று பொய். அதேபோல் 'எட்வர்ட் ஜி. பட் மேனுஃபேக்சரிங்' என்றிருந்தால் 1946-க்கு முந்தியது. 'தி பட் கம்பெனி' என்றிருந்தால் அதற்குப் பிந்தியது.

தயாரிப்புத் தகட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு தகடு உண்டு. ரயில் நிறுவனங்கள் கடன் பத்திர முறையில் பெட்டிகளை வாங்கியபோது, கடன் தீரும் வரை ஒரு வங்கியோ அறக்கட்டளை நிறுவனமோ அவற்றின் சட்டப்படியான உரிமையாளராக இருந்தது. அந்தப் பெயரைப் பொறித்த சிறு தகடு பெட்டியின் பக்கவாட்டில் அறையப்பட்டது. அதில் கடனின் பெயரும் தொடரும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கடன் எந்தெந்தப் பெட்டிகளுக்காக வாங்கப்பட்டது என்பது ஆவணங்களில் இருப்பதால், தயாரிப்புத் தகடு காணாமற்போன பெட்டியைக்கூட இதைக் கொண்டு ஒரு குறுகிய வரம்புக்குள் கொண்டுவந்துவிடலாம். தொடக்கநிலையினர் அதிகம் கவனிக்காமல் விடும் சான்று இதுதான்.

இனிக் கீழே பாருங்கள். பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகமாகிய போகியின் வார்ப்பில் வார்ப்பாலையின் குறியும் எண்ணும், சில வேளைகளில் தேதியும் இருக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணிமனையில் போகிகள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பவை.

லாக்கவானா பெட்டிகளில் மோட்டார் பெட்டியா டிரெய்லரா என்பதே முதன்மையான கேள்வி. சுற்றுலாவுக்கு விற்கப்பட்ட மோட்டார் பெட்டிகளிலிருந்து மின்கருவிகளைக் கழற்றிவிட்டதால் இரண்டும் இன்று ஒன்றுபோல் தோன்றும். கூரையில் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் அமர்ந்திருந்த தாங்கிகளின் எச்சம் அல்லது ஒட்டுப்போட்ட தகடு, அடிச்சட்டத்தில் கருவிப்பெட்டிகள் தொங்கிய கொக்கிகளின் அறுபட்ட முனைகள் ஆகியவை மோட்டார் பெட்டியைக் காட்டிக்கொடுக்கும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், மோட்டார் பெட்டிகள்தாம் 1930-இல் புதிதாகக் கட்டப்பட்டவை. டிரெய்லர்கள் அதற்கு முன்பே நீராவி எஞ்சின்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை மாற்றியமைத்து உருவானவை. எனவே டிரெய்லருக்குப் பிறந்த ஆண்டு ஒன்று, மின்ரயிலில் சேர்ந்த ஆண்டு இன்னொன்று. "எடிசன் காலத்துப் பெட்டி, 1930" என்று எழுதிவைத்திருக்கும் பலகை, டிரெய்லரைப் பொறுத்தவரை அதன் வயதைக் குறைத்துத்தான் சொல்கிறது.

படி 4: அடையாள எழுத்துகளைப் புரிந்துகொள்ளுங்கள்

வட அமெரிக்காவில் ஒவ்வொரு பெட்டியும் உரிமையாளரைக் குறிக்கும் நான்கு எழுத்துகளுக்கு மிகாத குறியையும் ஓர் எண்ணையும் தாங்கும். கான்ரெயிலுக்கு சி.ஆர்.; நியூ ஜெர்சி டிரான்சிட்டுக்கு என்.ஜே.டி.ஆர். குறியின் கடைசி எழுத்து எக்ஸ் என்றால், உரிமையாளர் வழக்கமான ரயில் நிறுவனம் அல்லர் என்று பொருள். சிகாகோவின் புறநகர் ரயிலான மெட்ராவுக்கு எம்.இ.டி.எக்ஸ்., கலிஃபோர்னியாவின் புறநகர் ரயிலான கால்டிரெயினுக்கு ஜே.பி.பி.எக்ஸ். என்பன அவ்வகை. இந்திய ரயில்வேயில் பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே கட்டிய ஆண்டைச் சொல்லிவிடும். வட அமெரிக்காவில் அப்படிப்பட்ட வசதி கிடையாது.

பக்கவாட்டில் எழுதிய பெயரையும் உரிமையாளர் என்று கொள்ளக் கூடாது. 1970 முதல் 1973 வரை புல்மன்-ஸ்டாண்டர்ட் கட்டிய காமெட் என்ற வகைப் புறநகர்ப் பெட்டிகளுக்குப் பணம் கொடுத்தது நியூ ஜெர்சி மாநிலப் போக்குவரத்துத் துறை. அவற்றை ஓட்டியது ஈரி லாக்கவானா. ரயில் நிறுவனத்தின் ஏடுகளில் மட்டும் தேடுபவர்களுக்கு இப்பெட்டிகளின் கொள்முதல் வரலாறு கிடைக்காது.

படி 5: ஆவணங்களுக்குச் செல்லுங்கள்

நேரில் திரட்டிய எண்களை இப்போது ஏடுகளோடு பொருத்த வேண்டும். பயணிகள் பெட்டிகளின் அதிகாரபூர்வப் பதிவேடு என்ற பெயரில் காலந்தோறும் வெளியான தொகுதிகளில், ஒவ்வொரு நிறுவனமும் எந்த எண் வரிசையில் எத்தனை பெட்டிகளை வைத்திருந்தது என்ற விவரம் இருக்கும். இரு வேறு ஆண்டுகளின் தொகுதிகளை அருகருகே வைத்தால், எண் வரிசை எப்போது மாறியது, எண்ணிக்கை எப்போது குறைந்தது என்பது புலப்படும். லாக்கவானா மோட்டார் பெட்டிகள் தொடக்கத்தில் 2500 முதல் 2640 வரை எண்ணிடப்பட்டவை. அதிலிருந்து பின்வந்த நிர்வாகங்களின் எண்களுக்கு ஒரு பொருத்த அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்களின் ஏடுகள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. புல்மன் நிறுவன ஆவணங்கள் சிகாகோவின் நியூபெரி நூலகத்திலும், புல்மன் தொழிற்சாலையின் வரைபடங்களும் ஒளிப்படங்களும் இலினாய் ரயில்வே அருங்காட்சியகத்தின் புல்மன் நூலகத்திலும், செயின்ட் லூயிஸ் கார் கம்பெனியின் ஏடுகள் செயின்ட் லூயிசின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. லாக்கவானாவின் ஏடுகளுக்கு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தையும், பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ஏடுகளுக்கு வில்மிங்டனில் உள்ள ஹாக்லி நூலகத்தையும் அணுகலாம். கடிதம் எழுதும்போது "பழைய பெட்டி ஒன்றின் விவரம் வேண்டும்" என்று கேட்காமல், தயாரிப்பாளர், ஆண்டு, லாட் எண், வரைபட எண் ஆகியவற்றுள் தெரிந்ததைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். லாட் எண் என்பது ஒரே ஆணையின்கீழ் கட்டப்பட்ட பெட்டிகளுக்கான தொழிற்சாலைக் குறியீடு. காப்பகர் பெட்டகத்தைத் திறக்க அதுவே சாவி.

படி 6: ஒத்த உருவங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

காமெட் வடிவமைப்பின் உரிமையைப் பின்னர் பம்பார்டியர் என்ற தயாரிப்பு நிறுவனம் பெற்று, அதே அச்சில் நியூ ஜெர்சிக்கு காமெட் இரண்டாம் வரிசையையும், நியூயார்க்கின் புறநகர் ரயிலான மெட்ரோ-நார்த்துக்கு ஷோர்லைனர் பெட்டிகளையும், நெடுந்தொலைவுப் பயணிகள் ரயில்களை நடத்தும் ஆம்டிராக்குக்கு ஹொரைசன் பெட்டிகளையும் கட்டியது. ஒளிப்படத்தில் இவற்றைப் பிரித்தறிவது பழகிய கண்களுக்கே கடினம். சிகாகோவின் 'கேலரி' எனப்படும் இரண்டடுக்குப் பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு: 1950-இல் பர்லிங்டன் ரயில் நிறுவனத்துக்காக பட் கம்பெனி கட்டியவை வரிவரியான துருவேறா எஃகுப் பக்கங்களைக் கொண்டவை, சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் பெட்டிகளோ மஞ்சளும் பச்சையும் பூசிய வழவழப்பான பக்கங்களோடு ஓடின.

ஒளிப்படங்களை ஒப்பிடும்போது அடைக்கப்பட்ட சன்னல், வெட்டி ஒட்டிய தகடு, மோதலில் வளைந்த மூலை போன்ற தழும்புகளைத் தேடுங்கள். 1975-இல் எடுத்த படத்தில் உள்ள பெட்டியும் உங்கள் முன் நிற்கும் பெட்டியும் ஒன்றே என்று சொல்ல எண்ணைவிட அத்தகைய தழும்புக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

படி 7: விற்பனையைப் பின்தொடருங்கள்

1970-களுக்குப் பிறகு பெரும்பாலான புறநகர்ப் பெட்டிகள் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டவை; ஆகவே அவற்றைக் கழிப்பதற்கும் நிர்வாகக் குழுவின் தீர்மானம் தேவைப்படும். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் 'உபரி', 'கழிவு' என்ற சொற்களைத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்காவிட்டால், நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் போன்ற மாநிலச் சட்டங்களின்கீழ் விண்ணப்பிக்கலாம்.

பெட்டிகள் போகும் தொலைவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நியூ ஜெர்சியின் காமெட் பெட்டிகள் சில, 2008-இல் யூட்டாவில் தொடங்கிய ஃபிரன்ட்ரன்னர் சேவைக்குப் போயின. மெட்ராவின் கேலரிப் பெட்டிகள் 2006-இல் நாஷ்வில்லில் தொடங்கிய புறநகர் ரயிலுக்குப் போயின. கால்டிரெயின் 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ-சான் ஹோசே பாதையில் முழு மின்சேவைக்கு மாறியபின், அதன் 90 கேலரிப் பெட்டிகளும் 19 எஞ்சின்களும் பெருவின் லிமா நகருக்கு விற்கப்பட்டன. அங்கே போனபின் பெட்டியின் வாழ்க்கை ஸ்பானிய மொழி நாளிதழ்களில் தொடர்வதால், உங்கள் தேடலும் அம்மொழிக்கு மாற வேண்டும்.

படி 8: பதிவை எழுதுங்கள்

ஒரு பெட்டிக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டு, ஆண்டு வரிசையில் உரிமையாளர், எண், மாற்றங்கள், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது இரும்பில் கண்டதா, ஏட்டில் கண்டதா, ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதா என்று குறியுங்கள். "எடிசன் ஓட்டியது இந்தப் பெட்டிதான்" என்பது போன்ற கூற்றுகள் மூன்றாம் வகையிலேயே தங்கட்டும். முதல் ரயிலில் சேர்ந்த பெட்டிகளின் எண்கள் அக்கால ஏட்டிலிருந்து கிடைத்து, அவை உங்கள் அட்டவணையோடு பொருந்தினால் மட்டுமே இரண்டாம் வகைக்கு உயர்த்துங்கள். சான்று இல்லாத ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாக விடுங்கள். தாளின் ஒரு படியைப் பெட்டியின் இன்றைய உரிமையாளரிடமும் இன்னொரு படியை அந்த ரயில் நிறுவனத்தின் வரலாற்றுச் சங்கத்திடமும் கொடுத்துவிட்டால், அடுத்து வருபவர் அந்த வெற்றிடங்களிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.