சிங்கப்பூர் அதிபர்களைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்னம் அதிபர் தேர்தலில் வென்றதும் தஞ்சாவூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, இனிமே உங்க ஊரை ஆளப்போறது தமிழராமே?" ஆளுவது பிரதமர்டா, அதிபர் சாவி வைத்திருப்பவர் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் டியூஷனுக்கு வரும் உயர்நிலைப் பிள்ளைகள் பலருக்கும் இதே குழப்பம்தான். ஒன்பது பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார்கள், அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், இங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் உதவும்.

முதலில் பர்சிலிருந்து இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டை எடுங்கள். 1999-இல் வந்த நோட்டு வரிசையிலிருந்து எல்லாவற்றிலும் ஒரே முகம்தான், யூசோஃப் இஷாக். உத்துசான் மெலாயு நாளிதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959 டிசம்பரில் யாங் டி-பெர்துவான் நெகாரா, அதாவது அப்போதைய நாட்டுத் தலைவர், ஆனார். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியானதும் அவரே முதல் அதிபர். 1970 நவம்பரில் பதவியில் இருந்தபடியே காலமானார். பிள்ளைகள் தினமும் கையில் வைத்திருக்கும் முகம் என்பதால் இங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு அதன்மேல் 1991 என்று எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கோட்டைத் தவறவிடுவதால்தான் எல்லாக் குழப்பமும் வருகிறது. கோட்டுக்கு முன்னால், அதிபரை நாடாளுமன்றமே நான்கு ஆண்டுத் தவணைக்குத் தேர்ந்தெடுத்தது. மரியாதைக்குரிய பதவி, ஆனால் எதையும் தடுக்கும் அதிகாரம் கிடையாது. 1991-இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள் வாக்களித்து ஆறு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் அதிபர் அதற்குப் பிறகுதான் வந்தார்.

கோட்டுக்கு முந்தியவர்களை வேகமாகக் கடக்கலாம், ஆளுக்கு ஒரு அடையாளம் போதும். பெஞ்சமின் ஷியர்ஸ் என்றால் மகப்பேறு மருத்துவர், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, அவர் பெயரில் உள்ள பாலம். 1971 முதல் 1981-இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். தேவன் நாயர் என்றால் தொழிற்சங்கம். மலாக்காவில் பிறந்த மலையாளி. இங்கே மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் அதிபராவதற்காக ஆன்சன் தொகுதியை விட்டார். அங்கே நடந்த இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் வென்று, சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குள் போன முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆனார். ஒரு நாற்காலி காலியானதால் இன்னொரு கதவு திறந்தது. இதைச் சொன்னால் 1981 என்ற ஆண்டைப் பிள்ளைகள் மறப்பதில்லை. நாயர் 1985 மார்ச்சில் விலகினார். அரசாங்கம் சொன்ன காரணத்தை அவர் பின்னாளில் மறுத்தார். வகுப்பில் அதற்குமேல் நான் போவதில்லை. அப்புறம் வந்த வீ கிம் வீ பத்திரிகையாளராகவும் தூதராகவும் இருந்தவர். அவர் காலத்திலேயே 1991 வந்துவிடுவதால் அவர் பெயரைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

இப்போது சாவிக்கு வருவோம். வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று நம்மிடம், ஒன்று வங்கியிடம். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த நிதி இருப்பும் அப்படித்தான். இப்போதைய அரசாங்கம் தன் தவணையில் சேர்த்ததைத் தானே செலவழிக்கலாம். அதற்கு முன்னால் சேர்ந்ததைத் தொட வேண்டுமானால் அதிபரின் ஒப்புதலும் வேண்டும். தலைமை நீதிபதி, ராணுவத் தளபதி போன்ற முக்கிய நியமனங்களையும் அவர் மறுக்கலாம். லஞ்ச ஊழல் விசாரணையைப் பிரதமர் தடுத்தாலும், அதிபர் இசைந்தால் அது தொடரலாம். மற்றபடி பெரும்பாலான விஷயங்களில் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும்.

சட்டத்தை இப்படிச் சொன்னால் மட்டும் மனதில் ஒட்டாது. சாவி நிஜமாகவே கைக்கு வந்த சமயங்களைச் சொல்லுங்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங், 1993. கட்டடக் கலைஞர், துணைப் பிரதமராக இருந்தவர். எதிர்த்து நின்ற சுவா கிம் இயோ அரைமனதோடுதான் நின்றார் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் அவருக்கு 41 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. காவல் காக்கச் சொன்ன பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஓங் கேட்டார். முழுக் கணக்கெடுக்க ஒரே ஆள் உட்கார்ந்தால் 56 ஆண்டு ஆகும் என்று பதில் வந்ததாக அவரே பின்னர் சொன்னார். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு அதிபர் எவ்வளவு கேட்கலாம், எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்ற விவாதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் ஒரே தவணையோடு நிறுத்திக்கொண்டார்.

எஸ்.ஆர். நாதன், நம் செல்லப்பன் ராமநாதன், 1999-இலும் 2005-இலும் போட்டியின்றியே வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள், வேறு யாரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. 1974 லாஜு படகுக் கடத்தலில் பிணைக்கைதிகளை மீட்கக் கடத்தல்காரர்களோடு குவைத் வரை விமானத்தில் போன அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் பாடத்துக்கு முக்கியம் 2009. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அரசாங்கம் அனுமதி கேட்டது. முதன்முறையாக இரண்டாவது சாவி திரும்பியது அப்போதுதான். கேட்ட நிதியமைச்சர் யார் தெரியுமா? இன்றைய அதிபர் தர்மன். எடுத்த பணத்தைப் பிறகு திருப்பியும் வைத்தார்கள். சாவியைக் கேட்டவரே பிற்பாடு சாவியைக் காக்கும் இடத்துக்கு வந்தார் என்பதை வைத்து ஒரு கட்டுரையே எழுதச் சொல்லலாம். கோவிட் வந்த 2020-இல் அப்போதைய அதிபர் ஹலிமா யாக்கோப் ஒப்புக்கொண்டது 52 பில்லியன் வரை. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நெருக்கடியின் அளவு தானே தெரியும்.

சரி, எல்லாரும் தடுமாறும் இடம் ஒதுக்கப்பட்ட தேர்தல். 2016-இல் திருத்திய விதி இது. சீனர், மலாய்க்காரர், இந்தியரும் ஏனையோரும் என்று மூன்று பிரிவு. ஒரு பிரிவிலிருந்து தொடர்ந்து ஐந்து தவணைக்கு யாரும் அதிபராகவில்லை என்றால் அடுத்த தேர்தல் அவர்களுக்கு மட்டும். இங்கே ஆட்களை எண்ணக் கூடாது, தவணைகளை எண்ண வேண்டும். கோட்டின்மேல் எழுதிய வீ கிம் வீயிலிருந்து விரல் விடுங்கள். வீ ஒன்று, ஓங் இரண்டு, நாதன் மூன்று, மறுபடி நாதன் நான்கு, டோனி டான் ஐந்து. ஐந்திலும் மலாய்க்காரர் இல்லை. ஆகவே 2017 மலாய்ச் சமூகத்துக்கு. அதே ஆண்டு தனியார் துறையிலிருந்து வருபவருக்கான தகுதியும் ஏறியிருந்தது, நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 500 மில்லியன் வெள்ளி இருக்க வேண்டும். போட்டியிட வந்த மற்ற இரு மலாய்க்காரரும் அதைத் தாண்டவில்லை. ஹலிமா போட்டியின்றி முதல் பெண் அதிபரானார். எண்ணிக்கையை ஏன் ஓங்கிலிருந்து தொடங்கவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள், வழக்கும் போட்டார்கள், தள்ளுபடியானது. அந்தக் கேள்வி எனக்கு இன்றும் நெருடுகிறது. ஹலிமாவை எனக்குப் பிடிக்கும், அது வேறு.

பயிற்சிக்கு ஒரு கணக்கு கொடுங்கள். யாரும் இடையில் விலகாமல் எல்லாரும் முழுத் தவணை இருந்தால், அடுத்த ஒதுக்கீடு மிக விரைவாக எந்த ஆண்டு வரலாம்? கடைசிச் சீன அதிபர் டோனி டான். ஹலிமா ஒன்று, தர்மன் இரண்டு. 2029, 2035, 2041 மூன்றிலும் சீனர் வராவிட்டால் 2047. மலாய்க்காரருக்கு 2053, இந்தியருக்கு 2059. இதைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு விதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தேர்தல் எண்களில் இரண்டைத்தான் நான் வைத்துக்கொள்வேன். 2011-இல் போட்டியிட்ட நான்கு பேரின் குடும்பப் பெயரும் டான். டோனி டானுக்கு 35.2 விழுக்காடு, டான் செங் போக்கைவிட ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குதான் கூட. 2023 எல்லாருக்கும் திறந்த தேர்தல், அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்ற தர்மனுக்கு 70.4 விழுக்காடு. இலங்கைத் தமிழ் வழிவந்தவர், சீனர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஒதுக்கீடு இல்லாமல் வென்றார். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் தமிழர் என்பதால் ஜெயித்தார் என்று பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

இவ்வளவும் முடிந்தபின் பிள்ளைகளை அதிபரின் அதிகாரபூர்வ மாளிகையான இஸ்தானாவுக்குக் கூட்டிப்போங்கள். பண்டிகைகளை ஒட்டியும் தேசிய தினத்தை ஒட்டியும் பொதுமக்களுக்குத் திறப்பார்கள், தீபாவளிக்கும் உண்டு. 1869-இல் கட்டி முடித்த மாளிகை. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. தோபி காட் எம்ஆர்டியில் இறங்கினால் வாசல் பக்கம்தான். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காத நாளில் போக நேர்ந்தால் சாலைக்கு எதிரே இஸ்தானா பூங்காவில் மரபுடைமைக் கூடம் இருக்கிறது, கட்டணமில்லை.