குமுளியில் சாப்பிட வருகிறவர்களுக்கு

சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குமுளியில் ஒரு பெரிய விடுதியில் சாப்பிட நினைத்து வருகிறீர்கள் என்றால், பணத்தை முதல் நாளே கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள். சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நான் எழுதுவதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருக்கட்டும்.

நான் பிறந்தது கேரளப் பக்கம், குமுளியின் ரோசாப்பூக்கண்டத்தில். எங்கள் வாசலிலிருந்து தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். பர்மிங்ஹாமுக்குப் போய் 19 வருடம் ஆகிறது. இந்தமுறை ஆறு வருடம் கழித்து வந்தேன். இடையில் 2021இல் பெரியம்மா தவறிவிட்டார். விமானம் கிடைக்காத நேரம். முகம் பார்க்க முடியவில்லை.

மதுரையில் இறங்கி வருவதுதான் வசதி. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் தமிழ்நாட்டுப் பேருந்து சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்க வேண்டும். அந்தச் சின்ன நடைக்குள் சாப்பாடே மாறிவிடும். இந்தப் பக்கம் புரோட்டாவுக்குச் சால்னா, அந்தப் பக்கம் பொரோட்டாவுக்கு பீஃப் ரோஸ்ட். இங்கே இட்லிக்குச் சாம்பாரும் சட்னியும், அங்கே புட்டுக்குக் கடலைக்கறியும் ஆப்பத்துக்கு இஷ்டு என்கிற தேங்காய்ப்பால் குழம்பும். தேங்காயெண்ணெய் காயும் வாசம் வந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். குமுளிக் கடைகளில் தமிழ் பேசாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காலையில் புட்டு சாப்பிடுவதென்றால் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் ஆவி பறக்கிற புட்டு கிடைக்காது. மதியம் ஊண். இலையில் சிவப்பரிசிச் சோறு விழும். பருமனான அரிசி, பழகாத பிள்ளைகள் மென்றுகொண்டே இருப்பார்கள். பச்சரிசிச் சோறு வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் தருவார்கள். தம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வரும். பதிமுகம் என்ற மரச் செதிலைப் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் அது. என் மகன் சாயத் தண்ணீர் என்று தள்ளிவைத்தான். கொதித்து ஆறிய தண்ணீர், வெளிநாட்டு வயிற்றுக்கு நல்லது.

மீன் கேட்கும்போது எந்த மீன் என்று கேளுங்கள். கடல் மீனும் காயல் மீனும் கோட்டயம் பக்கமிருந்து மலையேறி வர வேண்டும். ஏரி மீன் தனி ருசி. தேக்கடி ஏரியில் மன்னான் பழங்குடியினர் வலை போட்டுப் பிடிக்கும் திலேப்பியாவும் கெண்டையும் சில கடைகளில் கிடைக்கும். குழம்பில் குடம்புளி போட்டிருப்பார்கள், நம் புளிக்குழம்பு மாதிரி இருக்காது. கப்பைக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, எலும்புக் கறியோடு சேர்த்துக் கிளறிய கப்ப பிரியாணிக்கு இடுக்கியில் ஏஷ்யாட் என்றும் பெயர். மழை பெய்யும்போது அதைச் சாப்பிட வேண்டும். பர்மிங்ஹாமில் எத்தனையோ மழை நாட்களில் அந்த வாசத்தை நினைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றிருக்கிறேன்.

தேக்கடி ரோட்டில் இறங்கி நடந்தால் ஊரே வேறு. குஜராத்தித் தாளி, பஞ்சாபி ரொட்டி, குழிமந்தி என்கிற அரபு நாட்டுக் கறிச்சோறு, வெள்ளைக்காரர்களுக்கென்று காரம் குறைத்த கறிகள் என்று ஒரே சாலையில் இந்தியாவையும் தாண்டிவிடலாம். மூன்று நாள் தங்குகிறவர்கள் ஒருவேளைக்கு மேல் அங்கே செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாக் கடையிலும் எல்லாமும் கிடைக்கும் என்று பலகை வைத்திருந்தால், அங்கே எதுவும் சூடாக இருக்காது.

காட்டுக்குள் ஏரிக்கரையில் கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. ஆனவச்சாலில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் பைக்கு இடமில்லை. படகுத்துறையில் கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு விடாது. இடப்பாளையத்தில் திருவிதாங்கூர் ராஜாவின் கோடை அரண்மனை இப்போது விடுதி. படகில்தான் போக முடியும், அங்கே தங்குகிறவர்களுக்குத்தான் சாப்பாடு.

அந்த ஏரி தானாக வந்த ஏரி இல்லை. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறந்தபோது தேங்கிய தண்ணீர். அது மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவிக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் கத்தரிக்காயும் கோசும் முருங்கையும் ஜீப்பில் ஏறி மறுபடி குமுளிக்கு வருகின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி ஏற்றிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா. 26 வருடம் விடியற்காலை கம்பம் சந்தைக்குப் போய் மூட்டை கட்டி, ஏழு மணிக்குள் விடுதிகளின் சமையற்கட்டில் இறக்கியவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கும் அந்த ஜீப்பில்தான் காய் வந்தது. என் படிப்புக்குப் பணமும் அதிலிருந்துதான் வந்தது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. 2015இல் வந்தபோது கேட்டார். "அந்த ஓட்டல்ல ஒரு தடவை முன்வாசல் வழியாப் போயி உக்காந்து சாப்பிடணும் தாயி." அடுத்த தடவை பெரியப்பா என்றேன். அடுத்த தடவை நேரமில்லை என்றேன். இந்தமுறை நானே தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தேன்.

அவரும் நானும் மகனும் போவதாகத்தான் இருந்தது. சித்தப்பா மகனுக்குத் தெரிந்தது. "அவரை மட்டும் கூட்டிட்டுப் போனா நாளைக்கு எங்க மூஞ்சியில எப்படிக்கா முழிப்ப?" என்றான். அவன் வீடு நாலு பேர், உத்தமபாளையத்து அத்தை வீடு ஏழு பேர் என்று ஏறி ஏறி 24 பேர் ஆனது. இங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஊருக்கு வந்தவர்களிடம் எல்லோரும் ஒரு விருந்தை எதிர்பார்ப்பார்கள். அதை வீட்டில் வையுங்கள், சமையல்காரரை வைத்துச் செய்யுங்கள். ஒருவருக்குச் செய்ய வேண்டிய கடனை அந்த ஒருவருக்கே தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

தொலைபேசியில் தலைக்கு 1,450 ரூபாய் என்றார்கள், பிள்ளைகளுக்குப் பாதி என்றார்கள். நான் எழுத்தில் கேட்கவில்லை. பஃபே பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. கம்பத்திலிருந்து வந்த வேன் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டி, எல்லோரும் உட்காரும்போது மணி இரண்டாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. பாதித் தட்டுகள் காலி. பெரியப்பா புது வேட்டி, புதுச் சட்டை, புதுச் செருப்பு. வாசலில் தொப்பிக்காரர் கதவைத் திறந்து வணக்கம் சொன்னபோது அவரும் நின்று கைகூப்பினார். உள்ளே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கோசுத் தோரனை, தேங்காய் போட்ட பொரியலை, மட்டும் கொஞ்சம் எடுத்தார். "வந்து மூணு நாளான கோசு" என்று என் காதில் மட்டும் சொன்னார். சர்க்கரை இருப்பதால் இனிப்பு வேண்டாம் என்றுவிட்டார். தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

பில் 41,064 ரூபாய். 24 பேருக்கும் முழுக் கட்டணம், அதன்மேல் 18 விழுக்காடு வரி. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் விடுதிகளின் உணவகத்தில் வரி அவ்வளவு, ஊரிலுள்ள சாதாரண உணவகங்களில் 5 விழுக்காடுதான். எனவே விலை கேட்கும்போது வரியோடு சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டால் அதைத் தரவேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே அப்படி அறிவித்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதி என்றீர்களே என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்தது. தொகையை வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மேசை முழுக்கக் கேட்டது.

பிறகு அட்டை ஏறவில்லை. மூன்று தடவை போட்டோம். வங்கி அனுமதி எண்ணை என் இங்கிலாந்து சிம்முக்கு அனுப்பியிருக்கிறது, நான் அதை விமான நிலையத்திலேயே கழற்றி வைத்துவிட்டேன். அந்த சிம்மைக் கழற்றாதீர்கள். பேச்சுக்கு இல்லாவிட்டாலும் குறுஞ்செய்திக்காவது உயிரோடு இருக்கட்டும். கையில் 9,000 ரூபாய் இருந்தது. மீதியை ஏடிஎம்மில் எடுத்து வருகிறேன் என்றேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "யாராவது ஒருத்தர் மட்டும் இங்க இருக்கட்டும் மேடம்" என்றார்.

பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "என் கணக்குல ஆறாயிரம் இருக்கு, எடுத்துக்க" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப நான் இருக்கேன். நீ போயிட்டு வா தாயி."

இயந்திரம் ஒரு தடவைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தரவில்லை. இரண்டு தடவை தந்துவிட்டுக் காலியாகிவிட்டது. அடுத்ததைத் தேடி ஆட்டோவில் சுற்றினேன். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மற்றவர்கள் வேனில் ஏறிக் காத்திருந்தார்கள். கூடத்தில் போட்டிருந்த மெத்தை நாற்காலிகளில் பெரியப்பா இல்லை. வரவேற்பில் கேட்டால் தெரியவில்லை என்றார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். சமையற்கட்டு வாசலில் காய் வரும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, வெங்காயம் உரிக்கிற பையனோடு பேசிக்கொண்டிருந்தார். புதுச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு இடத்திலும் விலையை எழுதி வாங்கினேன். நீங்கள் தொடக்கத்திலிருந்தே வாங்குங்கள். கூட்டமாகப் போவதென்றால் பஃபே வேண்டாம். முன்கூட்டிச் சொல்லி இலைபோட்டுப் பரிமாறும் இடத்துக்குப் போங்கள். மலைப்பாதைத் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம் இருக்கும்போது சைவ உணவகங்களில் உட்கார இடமிருக்காது. வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பியும் விடுவார்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். அன்றைக்கு ஊரில் தங்க இடமும் கிடைக்காது, ஆறிய சாப்பாட்டைத் தவிர வேறு சாப்பாடும் கிடைக்காது. இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீர்ப் பிரச்சினை சூடேறிய 2011 டிசம்பரில் எல்லையே அடைபட்டு, எங்கள் தெருவுக்குக் காய் வராமல் நின்றது. அப்படி ஏதாவது செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இரவுக்குத் தட்டுக்கடை. பொழுது சாய்ந்ததும் சாலையோரம் அடுப்பு எரியும். தோசை, ஆம்லெட், பொரோட்டா, கட்டன் சாயா. எது கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறதோ அதைச் சாப்பிடுங்கள், வயிறு கெடாது. மேசையில் மூடாமல் இருக்கும் சட்னியை மட்டும் தவிருங்கள். பத்து மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் தோசைதான் மிஞ்சியிருக்கும். இந்தக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது. ரொக்கம் வேண்டும், இல்லையென்றால் யுபிஐ. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்ஓ கணக்கு உங்களுக்கு இருந்தால் வங்கியில் கேளுங்கள். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ எடுக்க 2023 முதல் வழி இருக்கிறது. நான் அதைச் செய்து வைத்திருந்தால் அன்றைக்கு ஆட்டோ தேடியிருக்க வேண்டாம்.

அன்று இரவு ஒன்பது மணிக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "பசிக்குது தாயி, வா" என்றார். மதியம் அவர் சாப்பிட்டது ஒரு கைப்பிடித் தயிர்ச்சோறு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தட்டுக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு தோசை சாப்பிட்டார், எனக்கு இன்னொரு ஆம்லெட் சொன்னார். மதியத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பையைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, கடைக்காரர் மாட்டியிருந்த அட்டையில் காட்டினார். 190 ரூபாய்.