எஃப்.ஐ.ஆர். முதல் குற்றச்சாட்டு வனைதல் வரை: வழக்கில் சிக்கியவர் வழக்கறிஞருடன் நடக்க வேண்டிய வழி

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். சம்மனில் தம் பெயரை ஒட்டி ‘முதல் எதிரி’ என்று அச்சாகியிருப்பதைக் கண்டதுமே, தீர்ப்பே வந்துவிட்டதைப் போலக் கலங்கிப் போகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வழக்கில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. தீர்ப்புக்கு முன்னால் மூன்று தாள்கள் வர வேண்டும். முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) என்பது புகார்தாரர் சொன்னது. குற்றப்பத்திரிகை என்பது காவல்துறை விசாரித்து எட்டிய முடிவு. நீதிமன்றம் வனையும், அதாவது முறைப்படி எழுதிப் பதியும், குற்றச்சாட்டுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது. வழக்கு எந்தத் தாளில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே வழக்கறிஞரின் வேலையும் மாறுகிறது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படியுங்கள்

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகளைத் தவிர, மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. ஆகவே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதலில் தேடுங்கள்; அங்கே இல்லையென்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம்.

பலரும் புகாரின் கதையை மட்டும் படித்துக் கொதித்துப்போகிறார்கள். அதற்கு முன் 2-ஆம் பத்தியில் உள்ள சட்டப் பிரிவுகளைப் பாருங்கள். வாய்த்தகராறும் கைகலப்பும் நடந்த வழக்கில் ‘296(பி), 115(2), 118(1), 351(3) பி.என்.எஸ்.’ என்று இருக்கலாம்; பி.என்.எஸ். என்பது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டம். 296(பி) பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது. 115(2) காயம் ஏற்படுத்தியது, ஓராண்டு வரை சிறை. 118(1) ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியது, மூன்றாண்டு வரை. 351(3) கொலைமிரட்டல், ஏழாண்டு வரை. கையால் அடித்தாரா, கம்பியால் அடித்தாரா என்ற ஒரே சொல்லில் ஓராண்டு மூன்றாண்டாகிவிடுகிறது. கொலைமிரட்டல் பிரிவை நம் ஊரில் சற்றுத் தாராளமாகவே சேர்க்கிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் கோபத்தில் வந்த வெறும் வாய்ச்சொல் மட்டும் அதற்குப் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களே இருக்கும்.

அடுத்து 3-ஆம் பத்தி. சம்பவம் நடந்த நேரமும், தகவல் நிலையத்துக்கு வந்த நேரமும் அங்கே தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி இருந்தும், தாமதத்துக்குக் காரணம் கேட்கும் 8-ஆம் பத்தி காலியாக இருந்தால், அதைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: வழக்கறிஞரிடம் முழுவதையும் சொல்லுங்கள்

கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்திடும் முன், கட்டணம் ஜாமீன் வரைக்குமா, விசாரணை முடியும் வரைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்புக்கு, நடந்ததைத் தேதியும் நேரமும் போட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிச் செல்லுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் அதில் சேருங்கள். ஒரு கட்சிக்காரர் தம்மீது பழைய வழக்கு ஏதும் இல்லை என்று எங்களிடம் அடித்துச் சொன்னார். ஜாமீன் மனுவிலும் அப்படியே எழுதினோம். விசாரணையன்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, நான்காண்டுக்கு முந்தைய குற்ற எண்ணை நிதானமாக வாசித்தார். மனு தள்ளுபடியானது. அந்தப் பழைய வழக்கோ சாதாரணமானது, முன்கூட்டியே சொல்லியிருந்தால் விளக்கம் கொடுத்திருக்கலாம். நடந்து முடிந்ததைப் பற்றி நீங்கள் வழக்கறிஞரிடம் சொல்வதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிடக் கூடாது என்பது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதினியம்) 132-ஆம் பிரிவு.

அருகில் கடையோ வீடோ இருந்து, அங்கே கண்காணிப்புக் கேமரா இருந்தால் அன்றே சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதியது பதிந்துவிடும். உங்கள் கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். புகார்தாரரிடம் நேரில் பேசிச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும், வழக்கறிஞருக்குத் தெரியாமல் போகாதீர்கள். அதைச் சாட்சியை மிரட்டியதாகக் காட்டிவிடலாம்.

மூன்றாம் படி: காவல் நிலையமும் ஜாமீனும்

ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமென்றால், கைது தேவையில்லாத நிலையில், பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)-இன் கீழ் நேரில் வரச்சொல்லி அறிவிப்பு கொடுக்க வேண்டும். அது வந்தால் அலட்சியம் செய்யாமல் போங்கள். போகாதிருப்பதே கைதுக்குக் காரணமாகலாம். கைது செய்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விசாரணை நேரம் முழுக்க இல்லாவிட்டாலும், இடையில் வழக்கறிஞரைச் சந்திக்க உங்களுக்கு உரிமையுண்டு. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டும் சாட்சியமாகும்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் உங்கள் உரிமை. மற்றவற்றில் நீதிமன்றம் முடிவு செய்யும். காலை 10.30-க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை இருந்தால், 10.30 என்பது 10.30-தான். ரிமாண்டில், அதாவது நடுவர் உத்தரவின்படி காவலில், இருப்பவருக்கு 60 நாட்களில், மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாட்களில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. தாமதித்தால் அந்த உரிமை கைநழுவும் என்பதால், ரிமாண்ட் தேதியை வீட்டார் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

நான்காம் படி: குற்றப்பத்திரிகையை எஃப்.ஐ.ஆருடன் ஒப்பிடுங்கள்

நீங்கள் ஆஜரான 14 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகையும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எஃப்.ஐ.ஆரில் ‘கையால்’ என்றிருந்தது வாக்குமூலத்தில் ‘கம்பியால்’ என்று மாறியிருக்கிறதா, காயச்சான்றிதழில் மருத்துவரிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். குறுக்கு விசாரணைக்கான கேள்விகள் பெரும்பாலும் இந்த இடைவெளிகளிலிருந்துதான் பிறக்கின்றன. குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லையென்றால் விடுவிப்பு மனு போடலாம். நடுவர் நீதிமன்ற வாரண்ட் வழக்கில் (இரண்டாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்ற வழக்கில்) அதற்கு, நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம்.

ஐந்தாம் படி: குற்றச்சாட்டு வனையும் நாள்

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். என்ன பதில் சொல்வது என்பதை முதல் நாளே வழக்கறிஞருடன் பேசி முடித்திருக்க வேண்டும். ‘அபராதத்தோடு முடிந்துவிடும்’ என்று வராந்தாவில் யாரோ சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டால், அது தண்டனையாகப் பதிவாகி, அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்கும். மறுத்தால், சாட்சிகளை விசாரிக்க வாய்தா போடுவார்கள்.